ஐந்து நாள் பயிற்சி வகுப்பறையை மாற்றுமா? பேராசிரியர்களுக்கான குறுகிய பயிலரங்குகள்: ஒரு விளக்கம்

கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டு முழுவதும் சுற்றிவரும் அறிவிப்புகளில் ஒரு வகை ஓய்வதே இல்லை: ஐந்து நாள் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி, இணையவழியில், மின்சான்றிதழ் உண்டு. 2023-இல் ஒன்றிய அரசு மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிய பின் இத்தகைய அழைப்புகள் இன்னும் பெருகிவிட்டன. பெரும்பாலானவற்றில் 'மாணவர் ஈடுபாடு' என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. இவை யாருக்காக நடக்கின்றன, எந்த விதி இவற்றைக் கேட்கிறது, இவற்றுக்குப் போய்வந்தவரின் வகுப்பில் மாணவர்கள் உண்மையிலேயே கூடுதலாகக் கற்கிறார்களா என்ற மூன்று கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. முதல் இரண்டுக்கு விடை எளிது. மூன்றாவதற்குக் கிடைத்திருக்கும் சான்றுகள், பயிற்சி நடத்துபவர்களுக்கு அவ்வளவு உவப்பானவை அல்ல.

## இந்த ஏற்பாடு ஏன் வந்தது

பள்ளியில் பாடம் நடத்த வேண்டுமென்றால் பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டம் வேண்டும். கல்லூரியில் அப்படியொரு நிபந்தனை கிடையாது. தேசிய, மாநில அளவிலான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட்டில் தேர்ச்சி, முனைவர் பட்டம் ஆகியவையே உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதிகளாகப் பார்க்கப்படுகின்றன. நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் குறித்த வினாக்கள் உண்டு என்றாலும், அது அத்தாளின் பத்து அலகுகளில் ஒன்று மட்டுமே. ஆகவே, ஐந்தாறு ஆண்டுகள் ஆய்வுக்கூடத்திலோ நூலகத்திலோ கழித்த ஒருவர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பின்முன் நிற்கிறார். தமக்குப் பாடம் நடத்தியவர்கள் எப்படி நடத்தினார்களோ அப்படியே அவரும் நடத்தத் தொடங்குகிறார்.

இந்த இடைவெளியை நிரப்பவே 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 1987 முதல் பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. இவை 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாற்றப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இத்தகைய மையங்கள் இயங்கிவந்திருக்கின்றன. பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குத் தனி வழி உண்டு. அவர்களுக்காகச் சென்னை தரமணியில் 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய மாளவியா மிஷன், நாடெங்கும் 111 மையங்கள் வழியாக 15 லட்சம் உயர்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதை இலக்காக அறிவித்தது.

மிஷனின் அடிப்படைப் பயிற்சிக்கு எட்டுத் தலைப்புகள் வகுக்கப்பட்டன: முழுமையான பல்துறைக் கல்வி, இந்திய அறிவு மரபுகள், கல்வித் தலைமையும் நிர்வாகமும், உயர்கல்வியும் சமூகமும், ஆய்வும் வளர்ச்சியும், திறன் மேம்பாடு, மாணவர் பன்மைத்துவம், தகவல் தொழில்நுட்பம். இவற்றில் ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்பது தனித் தலைப்பாகவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், அதன் பெரும்பகுதி ஆசிரியருக்குக் கொள்கையை அறிமுகப்படுத்துகிறதே தவிர, திங்கட்கிழமை காலை முதல் மணி நேரத்தில் அவர் செய்யவேண்டியதைத் தொடுவதில்லை.

## பதவி உயர்வும் சான்றிதழும்

பயிற்சிகளின் பெயர்கள் பலவாக இருந்தாலும் அடிப்படையில் மூன்று வகைதான். பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுகப் பயிற்சி மூன்று, நான்கு வாரம் நீளும். புத்தொளிப் பயிற்சி இரண்டு வாரம்; பெரும்பாலும் பாடத்துறை சார்ந்தது. மூன்றாவது வகை ஒரு வாரமோ அதற்கும் குறைவாகவோ நடக்கும் குறுகிய பயிற்சி. இக்கட்டுரையின் பொருள் இந்த மூன்றாவது வகை.

யு.ஜி.சி.யின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உதவிப் பேராசிரியர் ஒருவர் ஊதிய நிலை 10-இலிருந்து 11-க்கு உயர, கற்பித்தல் முறை குறித்த 21 நாள் அறிமுகப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அத்துடன் குறைந்தது ஒரு வார (அதாவது ஐந்து நாள்) பயிற்சி ஒன்றையோ இணையவழிப் பாடம் ஒன்றையோ நிறைவுசெய்திருக்க வேண்டும். அடுத்த நிலைக்கு இரண்டு வாரப் பயிற்சி கேட்கப்படும் இடத்தில், ஒரு வாரப் பயிற்சிகள் இரண்டை அதற்கு ஈடாகக் காட்டலாம். ஐந்து நாள் பயிற்சிகளுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்கான காரணம் இந்த விதியில்தான் இருக்கிறது. கோப்பில் வைக்கவேண்டியது சான்றிதழ். அதைத் தருவதற்கான நிபந்தனை வருகைப்பதிவு, பின்னூட்டப் படிவம், சில இடங்களில் ஒரு சிறு பல்தேர்வுத் தேர்வு. பயிற்சிக்குப் பின் வகுப்பில் என்ன நடந்தது என்பது இந்த வட்டத்துக்குள் எங்கும் வருவதில்லை.

## 'ஈடுபாடு' என்றால் எது

வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து குறிப்பெடுக்கும் மாணவரை ஈடுபாடு உள்ளவர் என்று சொல்லலாமா? கல்வி ஆய்வாளர்கள் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். வகுப்புக்கு வருவது, பணிகளைச் செய்வது ஆகியவை நடத்தை சார்ந்த ஈடுபாடு. பாடத்தின்மீதும் வகுப்பின்மீதும் உள்ள ஆர்வம், இங்கே நமக்கும் இடமுண்டு என்ற உணர்வு ஆகியவை உணர்வு சார்ந்தவை. புரியாததோடு மல்லுக்கட்டி, முன்பே தெரிந்ததோடு பொருத்திப் பார்ப்பது அறிவு சார்ந்தது. 75 விழுக்காடு வருகைப்பதிவுக் கட்டாயம் முதல் வகையை மட்டுமே உறுதிசெய்யும். பாட்டும் விளையாட்டுமாக நடத்தப்படும் வகுப்பு இரண்டாம் வகையைக் கொடுக்கலாம். மூன்றாவதை அது தரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பயிலரங்குகளில் கற்றுத்தரப்படும் பல 'ஈடுபாட்டு உத்திகள்' இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றன. வினாடி வினாச் செயலி ஒன்றைப் பயன்படுத்தக் கற்றுத்தந்துவிட்டு, அதையே ஈடுபாடு என்று அழைப்பது நம்மிடையே பரவலாகிவிட்ட வழக்கம்.

அறிவு சார்ந்த ஈடுபாட்டை உருவாக்கும் முறைகளில், சக மாணவர் வழிக் கற்பித்தல் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். அதன் படிகள் இவை:

1. ஆசிரியர் ஒரு கருத்தைச் சில நிமிடங்கள் மட்டும் விளக்குகிறார்.
2. அக்கருத்தைச் சோதிக்கும் பல்தேர்வு வினா ஒன்றைத் திரையிலோ பலகையிலோ காட்டுகிறார். ஒவ்வொரு மாணவரும் யாரோடும் பேசாமல் யோசித்து, விரல்களாலோ அட்டையாலோ விடையைக் காட்டுகிறார்.
3. ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் வேறு விடை சொன்னவரைத் தம் விடைக்கு இணங்கவைக்கும்படி மாணவர்களைக் கேட்கிறார்.
4. இரண்டு மூன்று நிமிட விவாதத்துக்குப் பின் மீண்டும் வாக்கெடுப்பு. அதன் பிறகே ஆசிரியரின் விளக்கம்.

இதில் கடினமானது நடைமுறை அன்று, வினா. "முடுக்கத்தின் அலகு என்ன?" என்று கேட்டால் விவாதிக்க ஒன்றுமில்லை. "மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் சுழியா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு நல்ல வினாவை எழுத ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஐந்து நாள் பயிற்சியில் இம்முறையைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. வினா எழுதிப் பார்க்க நேரம் ஒதுக்கப்படுவது அரிது.

நம் நாட்டு வகுப்பில் இவை எடுபடாது என்ற எண்ணத்துக்கு எதிரான சான்று மும்பை ஐ.ஐ.டி.யிலிருந்து கிடைக்கிறது. தனியாக யோசி, இணையாகப் பேசு, வகுப்போடு பகிர் என்ற முறையை, நானூறுக்கும் மேற்பட்டோர் அமர்ந்த முதலாண்டுக் கணினி நிரலாக்க வகுப்பில் பயன்படுத்தி, மாணவர்களை நேரில் கவனித்துப் பதிவுசெய்தார்கள். அந்தச் செயல்பாடுகளின்போது சராசரியாக 83 விழுக்காட்டினர் பணியில் ஈடுபட்டிருந்ததாக 2013-இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. ஐ.ஐ.டி. மாணவர்களையும் ஊரகக் கலைக்கல்லூரி மாணவர்களையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாதுதான். ஆனால் "கூட்டம் அதிகம், ஆகவே முடியாது" என்ற வாதம் அதற்குப் பின் நிற்பதில்லை.

## முறைகள் பயன் தருகின்றன, பயிலரங்குகள்?

மாணவரைச் செயல்பட வைக்கும் கற்பித்தல் பயன் தருகிறதா என்ற கேள்வி, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய முடிந்துபோன ஒன்று. 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடாகவும், செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமனின் குழு நடத்திய ஒரு வாரச் சோதனை 2011-இல் வெளியானது. மாணவர்களிடம் நற்பெயர் பெற்ற அனுபவமிக்க பேராசிரியர் ஒரு பிரிவுக்கு விரிவுரை நடத்தினார். கற்பித்தல் அனுபவம் மிகக் குறைவான, ஆனால் செயல்வழி முறையில் பயிற்சி பெற்ற இளம் ஆய்வாளர் மற்றொரு பிரிவை நடத்தினார். வார முடிவில் நடந்த தேர்வில் முதல் பிரிவின் சராசரி 41 விழுக்காடு, இரண்டாவதன் சராசரி 74.

இந்த எண்களைப் பயிலரங்குத் தொடக்க உரைகளில் அடிக்கடி காட்டுகிறார்கள். அங்கேதான் ஒரு தாவல் நிகழ்கிறது. முறை பயன் தருகிறது என்பது, அம்முறையைப் பற்றிய பயிலரங்கும் பயன் தருகிறது என்பதற்குச் சான்றாகாது.

பயிலரங்குகளையே நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் உயிரியல் பேராசிரியர்களுக்கான இரண்டு பெரிய தேசியப் பயிற்சித் திட்டங்களைப் பற்றியது; 2011-இல் வெளியானது. பயிற்சி முடித்தவர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்டபோது, 89 விழுக்காட்டினர் தம் வகுப்புகளை மாணவர் மையமாக மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு அவர்களுடைய வகுப்புகளின் காணொளிப் பதிவுகளைப் பெற்று, யார் நடத்திய வகுப்பு என்ற சார்பு கலக்காத முறையில் மதிப்பிட்டபோது, 75 விழுக்காட்டினர் ஆசிரியர் மைய விரிவுரையையே நடத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. இவர்கள் பொய் சொல்லவில்லை. நடுவே இரண்டு கேள்வி கேட்டு நிறுத்தியதைக்கூடப் பெரிய மாற்றமாக அவர்கள் உணர்ந்திருக்கக்கூடும். பாடம் நடத்துபவரால் தம் வகுப்பைத் தாமே பார்க்க முடியாது. நம் பயிற்சி மையங்கள் கடைசி நாளில் வாங்கும் பின்னூட்டப் படிவத்தின் மதிப்பு என்ன என்பதை அந்த 89 விழுக்காட்டினர் சொன்னதற்கும் இந்த 75 விழுக்காட்டினர் செய்ததற்கும் உள்ள இடைவெளி காட்டிவிடுகிறது.

முயன்று பார்த்தவர்களும் தொடர்வதில்லை. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்கள் 722 பேரிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், புதிய முறையைத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிறகு கைவிட்டிருந்தார். கைவிடுவதற்கான சூழ்நிலையை ஊகிப்பது கடினமன்று. முதல் முயற்சியில் வகுப்பு மௌனமாகிவிடுகிறது, அல்லது சத்தம் எல்லை மீறுகிறது, அல்லது ஒரு அலகு முடியாமல் தேங்கிவிடுகிறது. அந்த நேரத்தில், "இது எல்லோருக்கும் நடப்பதுதான், வினாவை இப்படி மாற்றிப் பாருங்கள்" என்று சொல்ல அருகில் யாரும் இல்லை. பயிற்சி தந்தவர் எப்போதோ விடைபெற்றுவிட்டார்.

மாணவர்களும் ஒரு காரணம். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தானே போராடும்போது புரியாமை வெளியே தெரியும். மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தை நம்பியிருக்கும் தனியார் கல்லூரி ஆசிரியர் ஒருவர், இந்த முதல் சில வாரங்களைத் தாண்டுவது எளிதன்று.

## எந்த வகைப் பயிலரங்கு வேறுபடுகிறது

இதிலிருந்து குறுகிய பயிலரங்குகளே வீண் என்று முடிவுகட்டினால் அது தவறு. எல்லாப் பயிலரங்குகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1970-களின் இறுதியில் தோன்றிய கற்பித்தல் திறன் பயிலரங்கு மொத்தம் 24 மணி நேரமே. மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். ஆனால் அங்கே சிறப்புரையாளர் என்று எவரும் கிடையாது. ஒரு குழுவில் நான்கு முதல் ஆறு பேர். ஒவ்வொருவரும் பத்து நிமிடப் பாடம் ஒன்றை மற்றவர்களுக்கு நடத்த வேண்டும். உடனே எழுத்திலும் பேச்சிலும் காணொளியிலும் கருத்து பெற வேண்டும். அக்கருத்துகளை மனத்தில் கொண்டு மீண்டும் பாடம் நடத்த வேண்டும். இப்படி ஒவ்வொருவரும் மூன்று முறை நடத்துகிறார்கள். தம் பேச்சைத் தாமே காணொளியில் பார்ப்பது எவ்வளவு சங்கடமானது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சங்கடம்தான் அங்கே பாடப்பொருள்.

நம் பி.எட். கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான அந்த முறை நம் ஊர்ப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் நன்றாக வேரூன்றிவிட்டது. கல்லூரிப் பேராசிரியர் பயிற்சியில் மட்டும், இருநூறு பேர் இணைந்திருக்கும் கூகுள் மீட் கூட்டத்தில், நிழற்படக் கருவியை அணைத்துவைத்துவிட்டுச் சிறப்புரை கேட்கிறார்கள். செயல்வழிக் கற்றலின் மேன்மை குறித்து இரண்டு மணி நேரம் இடைவிடாமல் விரிவுரை ஆற்றப்படுவதும் உண்டு.

அமெரிக்க உயிரியல் ஆய்வாளர்கள் தம் கண்டுபிடிப்புக்குப் பின் திட்டத்தையே மாற்றியமைத்தார்கள். பழக்கம் இறுகிவிட்ட பேராசிரியர்களுக்குப் பதிலாக, முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்துகொண்டிருந்த இளையோரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிலரங்கு, பிறகு உண்மையான வகுப்பில் கற்பித்தல், அதன்மீது கருத்து, மீண்டும் பயிலரங்கு என்று சுழற்சியாக நடத்தினார்கள். அவர்கள் பின்னாளில் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, அதே துறைகளில் இருந்த சகாக்களைவிட மாணவர் மையமாக நடத்தினார்கள் என்று 2016-இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது.

## நம் கல்லூரிகளில் எங்கே முட்டுகிறது

பயிலரங்கை எவ்வளவு நன்றாக வடிவமைத்தாலும், ஆசிரியர் திரும்பிப்போகும் இடம் மாறவில்லை என்றால் பயன் குறைவே. முதலில் நிற்பது தேர்வு. பல்கலைக்கழகத்தோடு இணைவுபெற்ற கல்லூரிகளில் பெரும்பாலும் வெளித்தேர்வுக்கு 75 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 25. வினாத்தாளை அமைப்பவர் வேறொருவர். ஐந்து அலகுகளையும் முடிக்காவிட்டால் மாணவருக்கு இழப்பு. எனவே விவாதத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் ஆசிரியர், அந்தப் பத்து நிமிடத்தைப் பாடத்திட்டத்திலிருந்து கடன் வாங்குகிறார். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்தத் தடை பாதிதான். வினாத்தாளும் பாடத்திட்டமும் அவர்கள் கையில் இருக்கின்றன. மாற்றம் அங்கிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்தது.

அடுத்து, யார் பயிற்சிக்கு வருகிறார்கள் என்பது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். சுயநிதிப் பிரிவுகளிலும் நிலைமை வேறல்ல. யு.ஜி.சி.யின் பதவி உயர்வுத் திட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. பயிற்சிக்கான ஊக்கம் முழுவதையும் பதவி உயர்வோடு கட்டிவைத்த ஓர் ஏற்பாடு, முதலாண்டு மாணவர்களை அதிகம் சந்திக்கும் ஆசிரியர்களைத் தானாகவே வெளியே நிறுத்திவிடுகிறது. இது தற்செயலான குறை அன்று. விதியின் நேரடி விளைவு.

## ஓர் அழைப்பிதழில் எதைப் பார்க்கலாம்

பயிற்சிக்குப் பதிவு செய்யும் ஆசிரியரும், அதற்குப் பணம் ஒதுக்கும் முதல்வரும் கேட்கக்கூடிய கேள்விகள் சில:

1. பங்கேற்பாளர் எத்தனை பேர்? முப்பதுக்கு மேல் போனால் ஒவ்வொருவரும் பாடம் நடத்திப் பார்க்க நேரம் இராது.
2. மொத்த நேரத்தில் பங்கேற்பாளர் தாமே எழுதவும் நடத்தவும் ஒதுக்கிய பங்கு எவ்வளவு?
3. வரும் பருவத்தில் தாம் நடத்தப்போகும் ஒரு குறிப்பிட்ட தாளைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறார்களா? பொதுவான உத்திகள் பொதுவாகவே நின்றுவிடும்.
4. பயிற்சி முடிந்து ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து ஏதாவது நடக்கிறதா?

நான்காவது கேள்விக்கு ஆம் என்று விடை கிடைத்தால் மற்ற மூன்றையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை. இப்போது தொடர்ச்சியாக நடத்தப்படும் ஐந்து நாளை, பருவம் தொடங்குமுன் மூன்று நாள், பருவத்தின் நடுவில் இரண்டு நாள் எனப் பிரிக்கலாம். இடைப்பட்ட வாரங்களில் பங்கேற்பாளர் தம் வகுப்பு ஒன்றைக் கைபேசியில் பதிவுசெய்து வர வேண்டும், சான்றிதழ் இரண்டாம் சந்திப்பில்தான் என்று நிபந்தனை வைக்கலாம். பதிவைப் பார்க்க ஆயத்தக் கருவிகளும் உண்டு: பிரிட்டிஷ் கொலம்பியா, மெய்ன் பல்கலைக்கழகங்கள் உருவாக்கி 2013-இல் வெளியிட்ட உற்றுநோக்கல் படிவம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் குறிக்கச் சொல்கிறது. நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு அதில் இல்லை. அதைக் கொண்டு வட அமெரிக்காவில் 25 நிறுவனங்களின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியல் வகுப்புகளை அளந்தபோது, 55 விழுக்காடு வகுப்புகள் பெரிதும் விரிவுரையாகவே இருந்தது 2018-இல் வெளியானது. இத்தனை ஆய்வுகளும் பயிலரங்குகளும் பிறந்த இடத்திலேயே நிலைமை அதுதான்.

கல்லூரிக்குள் இதைத் தொடர, ஒரே துறையிலிருந்து இருவரைச் சேர்த்து அனுப்புவதும், ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்பெஞ்சில் அமர்ந்து படிவம் நிரப்ப வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே விட்டுவைப்பதும் போதும். அந்த ஒரு மணி நேரத்தைப் பதிலி வகுப்புக்கும் தேர்வுப் பணிக்கும் எடுத்துக்கொள்ளாமல் பாதுகாப்பது துறைத்தலைவரின் கையிலும் முதல்வரின் கையிலும் இருக்கிறது. பயிற்சி மையத்தால் அதைச் செய்ய முடியாது.